இரண்டு உச்சிகள்

வின்டனுக்கு வடக்கே, ஒருகாலத்தில் கம்பளி அடுக்கிய கொட்டகையில்
இறக்கை மாட்டாத விமானம் ஒன்று
பழைய மாஸ்டா காரின் எஞ்சினைக்
கவ்விக்கொண்டு நின்றது.

லாக்லன் ட்ரீவர் என்னைக் கூப்பிட்டது வெல்டிங்குக்கு.
நான் பால்பண்ணைக் குழாய்க்காரி.
ஐந்நூறு மாடு கறக்கும் இடங்களில்
எஃகோடு எஃகைச் சேர்ப்பேன்,
விரலால் தடவினாலும் மூட்டுத் தெரியாது.
ஆகாயம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
இன்று புல் காயுமா என்பதுதான்.

"இதில் பிஸ்டன் கிடையாது" என்றான்.
"பக்கம் உப்பிய முக்கோணம் ஒன்று
கூட்டுக்குள் உருண்டுகொண்டே இருக்கும்.
ஒரு பக்கம் எந்நேரமும் தீ,
மறுபக்கம் எந்நேரமும் குளிர்காற்று."
"தண்ணீர் நின்றால்?"
"உள்ளே ரப்பர் வளையம் கருகும்.
அப்புறம் இறங்க ஒரு புல்வெளி தேடணும்."
அவன் சிரித்தான்.
நான் அளவுநாடாவை எடுத்தேன்.

கார் ரேடியேட்டர் அந்த மூக்கில் அடங்கவில்லை.
இன்வர்கார்கில் காயலான் கடையில்
யாரோ கோடையில் முகம் குளிர்ந்த
இரண்டு ஏசிக் கட்டிகளைப் பிடுங்கி வந்திருந்தான்,
எஞ்சினின் கன்னத்துக்கு ஒன்றாக.
அவற்றுக்குத் தடித்த வாய் வைக்க வேண்டும்.
அலுமினியம்; சாக்லேட் சுற்றும் தாளின் கனம்.
தீ ஒரு மூச்சு கூடுதலாகத் தங்கியது,
முதல் கட்டி போயிற்று.
மறுபடி இன்வர்கார்கில். பெட்ரோல் என் செலவு.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றினான்.
சூடாகாத தண்ணீர் திரும்பி ஓடும் குறுக்குவழியைத்
திருகாணி இறுக்கி அடைத்தான்.
ஹோஸ், கிளாம்ப், மறுபடி ஹோஸ்,
பச்சைக் குளிர்நீர்
தரையில் சொட்டினால் இனிப்பாக மணக்கும்.
அவன் நாய் நக்காதபடி
வெளியே கட்டிப்போட்டோம்.

பிப்ரவரி. சக்கரத்துக்கு முன் கட்டை வைத்து
எஞ்சினை முடுக்கினான்.
எட்டு நிமிடம். தொண்ணூறு. நூறு.
முள் நூற்றுப் பத்தைத் தொட்டு
சட்டென்று விழுந்தது.
எழுபது.
அவன் முகம் தெளிந்தது, கட்டைவிரலை உயர்த்தினான்.

எனக்கு வயிறு கலங்கியது.
நுரையில் நிற்கும் வெப்பமானி
பாலைப் பற்றிப் பொய்தான் சொல்லும்,
அதை நம்பி ஒரு தொட்டி பாலைக்
கொட்டியவர்களை எனக்குத் தெரியும்.
"நிறுத்து! நிறுத்து!"
புரொப்பெல்லர் சத்தத்தில் கேட்கவில்லை.
குரல்வளையில் விரலை இழுத்துக் காட்டினேன்.
அது புரிந்தது.

மூன்று மணி நேரம் ஒருவரோடொருவர் பேசவில்லை.
அவன் குழாயைப் பார்த்தான்,
நான் விமானத்தைப் பார்த்தேன்.
வாலில் உட்கார்ந்து மூக்கைத் தூக்கியிருக்கிறது
சோற்றுக்குக் காத்திருக்கும் நாய்போல.
நான் மட்டம் வைத்து ஏற்றிய குழாய்
இந்த நிற்பில் இறக்கம் ஆகிவிட்டது.

வாலை எண்ணெய் டிரம்மேல் ஏற்றினோம்.
உள்ளே எங்கோ
ஒரு நீண்ட ஏப்பம்.
நிரப்பும் வாயில் தண்ணீர்
ஒரு சாண் இறங்கியது.

பாலுக்குக் குழாய் போடும்போது
மீட்டருக்கு ஒரு விரல் சரிவு,
கடைசிச் சொட்டும் வடிந்தாக வேண்டும்.
இங்கே அதைத் தலைகீழாக எண்ணினேன்:
கடைசிக் குமிழும் ஏறியாக வேண்டும்.
ஆனால் நிற்கும்போது உச்சி ஒன்று,
பறக்கும்போது உச்சி வேறு.
ஒற்றை உச்சிக்கு வழி வைத்தால்
மற்றதில் அது குடியேறும்.

ஆகவே இரண்டு மெல்லிய குழாய்கள்,
பென்சில் பருமன்,
இரண்டும் மேலே ஒரு சிறு கலத்துக்கு.
கலத்தைப் பால்வடிகட்டியின் மூடியில் செய்தேன்.
அதன்மேல் இன்னும் அந்தப் பண்ணையின் எண் இருக்கிறது.

ஏப்ரலில் பறந்தான். நான் பார்க்கவில்லை,
வேனில் உட்கார்ந்து ரசீது எழுதிக்கொண்டிருந்தேன்.
சத்தம் மட்டும் தலைக்குமேல் நான்குமுறை சுற்றியது,
தையல் இயந்திரம் போல, இடைவிடாமல்.

இறங்கினான். ஏதோ சொன்னான்.
நான் குனிந்து
கட்டிகளின் பின்னால் காற்று வெளியேறும் இடத்தில்
உள்ளங்கையை வைத்தேன்.
மாட்டின் மூச்சளவு சூடு.
கையை முகர்ந்தேன்.
இனிப்பு இல்லை.

ரசீதில் ஏழு மணி நேரம் என்று போட்டிருந்தேன்.
பதினாறு ஆகியிருந்தது.
ஓட்டை விழுந்த கட்டியைக் கணக்கில் சேர்க்கவில்லை,
அது இப்போது என் வேனின் டாஷ்போர்டில்
பேனா செருக உதவுகிறது.